கப்பலுக்கு ஒரு காது!

திருச்சியிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறினால், அரைத் தூக்கத்தில் தாண்டிப் போகிற ஊர் பெரம்பலூர். நம்மில் பலருக்கு அந்த ஊரோடு இருக்கும் உறவு அவ்வளவுதான். அடுத்த தடவை இறங்கிப் பாருங்கள். காரை பக்கம் போனால் மழை அரித்து அரித்து நிலமே சுருக்கம் விழுந்த தோல் மாதிரி கிடக்கும். அங்கே குனிந்து தேடினால், ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட கல் ஒன்று கண்ணில் படலாம். (பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்!)

அது கல் இல்லை. ஒரு காலத்தில் கடலில் நீந்திய உயிர். அம்மோனைட் என்று பெயர். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் பெரம்பலூர், அரியலூர் எல்லாமே கடல்! சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாக மாறிப் படுத்திருக்கிறது. 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகத்துக்குச் சொன்னார். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமென்ட் ஆலைகள் வந்ததற்கும் அந்தக் கடல்தான் காரணம். அங்கே வெட்டுகிற சுண்ணாம்புக் கல், கடல் உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டானது. நம் வீட்டுச் சுவரில் கொஞ்சம் பழைய கடல் இருக்கிறது!

இந்த அம்மோனைட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஓட்டுக்குள் சின்னச் சின்ன அறைகள். அறைகளைக் கோத்துக்கொண்டு ஒரு மெல்லிய குழாய். இதன் தூரத்துச் சொந்தக்காரனான நாட்டிலஸ் இன்றைக்கும் கடலில் உயிரோடு இருக்கிறது. அது எப்படி மிதக்கிறது தெரியுமா? அறைகளில் உள்ள தண்ணீரை அந்தக் குழாய் வழியாக வெளியேற்றும். காலியான இடத்தில் வாயு நிரம்பும். உடம்பு லேசாகும். நீர்மூழ்கிக் கப்பலும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. தொட்டிகளில் தண்ணீரை விட்டால் கீழே போகும், காற்றை அடைத்துத் தண்ணீரைத் தள்ளினால் மேலே வரும். 1954-ல் அமெரிக்கா கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கிக்கு நாட்டிலஸ் என்றே பெயர் வைத்தார்கள்.

சரி, கடல் போய்விட்டது. கடல்மேல் ஆசை போகவில்லை. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கங்கைகொண்ட சோழபுரம். இன்றைய கணக்குப்படி அரியலூர் மாவட்டம். (இந்த மாவட்டத்தின் கதை தனி. 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள். 2002-ல் திரும்பச் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ராஜேந்திரன் காலத்தில்கூட எல்லை இவ்வளவு வேகமாக மாறியிருக்காது!) கடற்கரையே இல்லாத இந்தத் தலைநகரில் உட்கார்ந்துகொண்டுதான் ராஜேந்திர சோழன், 1025 வாக்கில், ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் கப்பல் படையை அனுப்பினான். அதன் ஆயிரமாவது ஆண்டை ஒட்டி 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரே அந்த ஊருக்கு வந்துபோனார்.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியைப் படித்தால் ஜெயித்த ஊர்களின் பட்டியல் வரிசையாக வரும். கைப்பற்றிய யானைகள், வாசல் தோரணம், மணிகள் பதித்த கதவு வரைக்கும் சொல்லியிருப்பார்கள். கப்பல் கட்டின செலவு? மூச்! ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள் என்று கல்லில் கணக்கு வெட்டிய பரம்பரை அது. அந்தச் சோழர்களே கடற்படைச் செலவைப் புகழ்ப்பாட்டில் சேர்க்கவில்லை. எந்த ராஜாவும் சேர்க்கமாட்டான். ஜெயித்தபிறகு யாரும் பில்லைக் கேட்பதில்லை.

தோற்றால்?

இந்த வாரம் நாம் பார்க்கப்போவது அந்தக் கேள்வியைத்தான். இன்னும் பிறக்காத ஒரு கருவி. வேலை செய்யுமா, செய்யாதா என்று அதைச் செய்கிறவனுக்கே தெரியாது. அதற்கு யார் பணம் தருவது? வீணாய்ப்போனால் யார் பதில் சொல்வது? இதற்கு நம் கடற்படை கொடுத்த விலை, பணம் மட்டுமில்லை.

* * *

1971 டிசம்பர் 9. பங்களாதேஷ் போர் நடந்துகொண்டிருக்கிறது. கராச்சித் துறைமுகத்தை நம் ஏவுகணைப் படகுகள் ஏற்கெனவே பற்றவைத்துவிட்டன. நாடே குஷியில் இருக்கிறது. குஜராத் கரையில், டையூவுக்கு அப்பால் ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கி உலாவுகிறது என்று ரேடியோ சமிக்ஞைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டது நம் கடற்படை. வேட்டையாட இரண்டு போர்க்கப்பல்களை அனுப்பினார்கள். ஐ.என்.எஸ். குக்ரி, ஐ.என்.எஸ். கிர்பான்.

இரண்டுமே ஐம்பதுகளின் கடைசியில் பிரிட்டனிலிருந்து வந்த கப்பல்கள். நீர்மூழ்கியை வேட்டையாடவே கட்டப்பட்டவை. ஆனால் அவற்றின் சோனார் பழசு. எதிரே இருந்ததோ ஹாங்கோர். பிரான்ஸில் கட்டிய டாஃப்னே வகை நீர்மூழ்கி. அப்போதைக்குப் புத்தம் புதுசு. குக்ரியால் ஹாங்கோரின் சத்தத்தைக் கேட்க முடிகிற தூரத்தைவிடப் பல மடங்கு தூரத்திலிருந்தே, ஹாங்கோரால் குக்ரியின் சத்தத்தைக் கேட்க முடியும். வேடன் செவிடு, மானுக்கோ பாம்புச் செவி என்றால் வேட்டை எப்படி முடியும்?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் வருகிறது. அன்றைக்கு குக்ரியில் ஓர் ஆராய்ச்சிக் கருவி இருந்தது. லெப்டினென்ட் வி.கே.ஜெயின் என்ற இளம் அதிகாரி, பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்து உருவாக்கிய இணைப்பு. பழைய சோனாரில் அதைப் பொருத்தினால் கேட்கும் தூரம் கூடும். முழுசாக முடிந்த சரக்கு இல்லை அது. சோதனையில் இருந்த முன்மாதிரி. அதன் அருமை பெருமையெல்லாம் சரி, ஒரு சிக்கலும் இருந்தது. கப்பல் மெதுவாகப் போனால்தான் அது நன்றாகக் கேட்கும். வேகம் கூடினால், கப்பலின் அடியில் உரசும் தண்ணீர்ச் சத்தமே காதை அடைத்துவிடும்.

நீர்மூழ்கி இருக்கிற கடலில் கப்பல் எப்படிப் போகவேண்டும்? வேகமாக. அதுவும் நேர்கோட்டில் போகக்கூடாது. பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போகவேண்டும். அப்போதுதான் டார்பிடோவுக்குக் குறி கிடைக்காது. ஆனால் கருவிக்கு மெதுவான வேகம் வேண்டும். குக்ரி வேகத்தைக் குறைத்தது. ஆராய்ச்சியும் போரும் ஒரே கப்பலில், ஒரே ராத்திரியில்!

அந்த முடிவு சரியா தப்பா என்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதம் நடக்கிறது. கடற்படையின் வரலாற்றை எழுதிய வைஸ் அட்மிரல் ஹீராநந்தானி இதைப் பதிவு செய்திருக்கிறார். உயிர் பிழைத்தவர்களைச் சந்தித்து மேஜர் ஜெனரல் இயன் கார்டோசா ஒரு புத்தகமே எழுதினார். நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒரு கேப்டனுக்குத் தீர்ப்புச் சொல்வது ரொம்பச் சுலபம். ஒன்றை மட்டும் யோசியுங்கள். கருவியைப் போட்டால் எதிரி தெரியலாம். போடாவிட்டால் எதிரி தெரியவே மாட்டான். இந்த இரண்டில் நீங்கள் எதை எடுத்திருப்பீர்கள்?

ராத்திரி ஒன்பதை நெருங்கும் நேரம். ஹாங்கோர் விட்ட முதல் டார்பிடோ கிர்பானைக் குறிவைத்தது, வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரியைத் தாக்கியது. சில நிமிஷங்களுக்குள் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா, தன்னுடைய மிதவை அங்கியை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். லெப்டினென்ட் ஜெயின் கப்பலில்தான் இருந்தார். அவரும் போனார். கருவியும் போனது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உலகத்திலேயே ஒரு நீர்மூழ்கி போரில் ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுதான் முதல் முறை.

* * *

ஒரு நிமிஷம் நின்று, இந்த சோனார் என்ன சங்கதி என்று பார்த்துவிடுவோம்.

ரேடார் அலை தண்ணீருக்குள் போகாது. வெளிச்சமும் கொஞ்ச தூரம்தான். கடலுக்குள் நெடுந்தூரம் போகக்கூடியது சத்தம் ஒன்றுதான். அதுவும் நொடிக்குச் சுமார் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கும் மேல். முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களைக் கொத்துக் கொத்தாக மூழ்கடித்தபோது, பிரெஞ்சு விஞ்ஞானி பால் லாங்ஷவான் குவார்ட்ஸ் படிகத்தை வைத்துச் சத்த அலையை அனுப்பி, எதிரொலியைப் பிடிக்கும் கருவியைச் செய்தார். பணம் கொடுத்தது பிரெஞ்சுக் கடற்படை. கருவி ஓரளவு தேறிவரும்போது போரே முடிந்துவிட்டது! (ஆராய்ச்சிக்குக் காசு போடுகிறவர்களின் வயிற்றெரிச்சல் அன்றைக்கே ஆரம்பித்தாகிவிட்டது.) ஆனால் அடுத்த போரில் அட்லாண்டிக் கடலில் நேச நாடுகளைக் காப்பாற்றியதில் அந்த வழிவந்த கருவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சிக்கல் என்னவென்றால், அந்த சோனார்களை வடிவமைத்தவர்கள் எல்லாம் குளிர்ந்த அட்லாண்டிக் கடலை மனதில் வைத்துச் செய்தவர்கள். நம் அரபிக்கடல் அப்படியா? வெயில் ஏற ஏற மேல் தண்ணீர் சூடாகிறது. கீழே குளிர்ச்சி. சூடான தண்ணீரில் சத்தம் வேகமாகப் போகும். குளிர்ந்ததில் மெதுவாகப் போகும். விளைவு? சத்த அலை நேராகப் போகாமல் கீழ்நோக்கி வளைந்துவிடும். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் ஒரு நிழல் பகுதி உண்டாகும். அங்கே நீர்மூழ்கி நின்றால் சோனாருக்குத் தெரியாது. காலையில் ஒழுங்காகக் கேட்ட கருவி, மத்தியானம் மக்கர் பண்ணும். வெளிநாட்டுக்காரன் விற்ற கருவியைக் குறைசொல்லிப் பயன் இல்லை. அவன் அவன் கடலுக்குச் செய்தான். நம் கடலுக்கு நாம்தான் செய்யவேண்டும்.

* * *

பொள்ளாச்சியில் 1944-ல் பிறந்த ஒரு பையன், பதினைந்து வயதில் கடக்வாஸ்லா ராணுவ அகாடமியில் சேர்ந்தார். பெயர் ஆரோக்கியசாமி பால்ராஜ். கடற்படையின் மின்பிரிவில் அதிகாரி ஆனார். அந்தக் காலத்தில் அகாடமியில் படித்தால் பட்டம் கிடையாது. ஆக, அவரிடம் இன்ஜினீயரிங் பட்டம் இல்லை. ஆனால் கணக்கில் புலி. கடற்படை அவரை டெல்லி ஐ.ஐ.டி-க்கு மேல்படிப்புக்கு அனுப்பியது. அங்கே பேராசிரியர் பி.வி.இந்திரேசன் இருந்தார். நம்ம ஆள். பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி-யின் இயக்குநராக வந்தவர். பால்ராஜின் மூளையைப் பார்த்துவிட்டு, இவருக்கு எதற்கு முதுகலை, நேராக டாக்டர் பட்ட ஆராய்ச்சியே செய்யட்டும் என்று விதியைத் தளர்த்த வைத்தார்.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் முதல் முதலீடு இதுதான். ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஒரு பேராசிரியர் தன் பெயரை அடகு வைத்தார். பட்டமில்லாத ஒருவரை உள்ளே விட்டு, அவர் சோடைபோயிருந்தால் இந்திரேசனின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பால்ராஜ் ஆராய்ந்தது, இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் கணிதம். புரியும்படி சொல்கிறேன். தேர்த் திருவிழா. நாதஸ்வரம், வேட்டுச் சத்தம், பலூன்காரன், ஜனக்கூச்சல். அதற்கு நடுவே தொலைந்துபோன உங்கள் குழந்தை அம்மா என்று அழுகிறது. மற்ற யாருக்கும் கேட்காது, உங்களுக்குக் கேட்கும். ஏன்? அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். கூட்டத்தின் சத்தம் ஒழுங்கில்லாதது, குழந்தையின் அழுகை ஒழுங்கோடு திரும்பத் திரும்ப வருவது. இந்த வித்தியாசத்தை வைத்து ஒரு மெஷினைக் கேட்க வைக்க முடிந்தால்? அதுதான் சோனாருக்கு வேண்டிய காது.

குக்ரி போனபிறகு கடற்படை விழித்துக்கொண்டது. பிரிட்டிஷ்காரன் கொடுத்த 170பி சோனாரை மேம்படுத்தும் வேலை பால்ராஜ் கைக்கு வந்தது. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இளைஞர். இடம், டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வகம். அங்கிருந்து கடல் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால்! கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்து கடாரத்துக்குப் படை அனுப்பிய மாதிரிதான் இதுவும். கருவி தயாரானது. கடலில் சோதித்தார்கள். தேறியது. கப்பல்களில் பொருத்தினார்கள்.

கவனியுங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போன்ற ஒரு முயற்சியைச் சுமந்துகொண்டு போன கப்பல் திரும்பி வரவில்லை. அப்படி ஒரு அடிக்குப் பிறகு, ஒரு சர்க்கார் இலாகா சாதாரணமாக என்ன செய்யும்? உள்ளூர் ஆராய்ச்சியே வேண்டாம், வெளிநாட்டுச் சரக்கு வாங்கு என்று கோப்பை மூடும். யாருக்கும் வேலை போகாது. கடற்படை அப்படிச் செய்யவில்லை. அதற்காகவே ஒரு சல்யூட்!

* * *

பழைய சோனாருக்கு ஒட்டுப் போட்டது போதும், சொந்தமாகவே ஒன்று செய்வோம் என்று 1977 வாக்கில் முடிவானது. அப்சோ என்று பெயர். இடம், கொச்சியில் உள்ள கடற்படை இயற்பியல் ஆய்வகம். 1952-ல் சின்னதாகத் தொடங்கி, பிறகு பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ-வுடன் சேர்ந்த இடம். தயாரிப்பு, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ். திட்டத்தை நடத்தியவர், லொஃபரோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி முடித்துத் திரும்பியிருந்த பால்ராஜ்.

இதில் எத்தனை ரிஸ்க் என்று பாருங்கள். மும்பை மசகான் கப்பல்கட்டும் தளத்தில், 1978-ல் கோதாவரி என்ற புதிய போர்க்கப்பலின் வேலை தொடங்கியது. 1980-ல் அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். அதற்கான காதோ அப்போது கொச்சியில், பலகைகளிலும் சர்க்யூட்களிலும்தான் இருந்தது! வீடு கட்டும்போதே கிணற்றுக்கு இடம் விட்டுக் கட்டுகிறோம், தண்ணீர் வருமா என்று தெரியாது என்கிற நிலைமை. சோனார் என்பது கடைசியில் மேலே வைத்து முறுக்குகிற சாமான் இல்லை. கப்பலின் அடிவயிற்றில் உட்காரவேண்டும். அதைச் சுற்றித்தான் கப்பலின் அமைப்பே.

நம்மிடம் அன்றைக்குக் கம்ப்யூட்டர் சிப் தொழில் இல்லை. வெளிநாடுகள் ராணுவத் தொழில்நுட்பத்தை லேசில் கொடுப்பதில்லை. நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்த்தார்கள். தோற்றிருந்தால் பாராளுமன்றத்தில் கேள்வி, தணிக்கை அறிக்கையில் ஒரு பத்தி, பத்திரிகைகளில் (எங்களையும் சேர்த்துத்தான்) பிரித்து மேய்ந்திருப்போம்.

தோற்கவில்லை. ஹிம்கிரி கப்பலில் சோதித்தார்கள். 1983-ல் சேவைக்கு வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் கோதாவரி கடற்படையில் சேர்ந்தபோது, அதன் காது நம் ஊர்க் காது. ஒரே நேரத்தில் எல்லாத் திசையும் கேட்கும். எதிரொலிகளைத் தானே தொடரும். அந்தக் காலத்தில் உலகத்தில் இருந்த நல்ல சோனார்களோடு வைத்துப் பேசப்பட்ட கருவி. அதன் வாரிசுகளாக ஹம்சா வரிசை சோனார்கள் பின்னால் வந்தன.

பால்ராஜ்? அதற்குப் பிறகு மூன்று ஆராய்ச்சிக்கூடங்களை உருவாக்குவதில் பங்கெடுத்தார். கமோடோராக இருக்கும்போதே, கடற்படையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். நாற்பதுகளின் பின்பாதியில் வாழ்க்கையை முதலிலிருந்து தொடங்கினார். பல திசைகளிலிருந்து கலந்துவரும் சத்தங்களைப் பிரித்துக் கேட்ட அனுபவம் சும்மா போகவில்லை. ஒரே அலைவரிசையில், பல ஆன்டெனாக்களிலிருந்து தனித்தனிச் செய்திகளை அனுப்பி, மறுமுனையில் பிரித்தெடுக்கும் யோசனையை 1992-ல் தாமஸ் கைலத்துடன் சேர்ந்து காப்புரிமைக்குக் கொடுத்தார். மிமோ என்று அதற்குப் பெயர். முதலில் நிறையப் பேர் நம்பவில்லை. இன்றைக்கு வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 2010-ல் பத்மபூஷண், 2014-ல் மார்க்கோனி பரிசு.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து செல்போனில் படம் பார்க்கிற பையனுக்கும், 1971-ல் மூழ்கிய குக்ரிக்கும் சம்பந்தம் உண்டு என்றால் நம்புவானா?

* * *

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு அமெரிக்கா எப்படிக் காசு போடுகிறது? முதல் உலகப் போர்க் காலத்திலேயே, 1915-ல், தாமஸ் எடிசன் சர்க்கார் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடம் நடத்தவேண்டும் என்றார். 1923-ல் கடற்படை ஆராய்ச்சிக்கூடம் வந்தது. 1946-ல் கடற்படை ஆராய்ச்சிக்கென்று தனி அலுவலகமே திறந்தார்கள். கப்பலுக்கு நேரடியாகச் சம்பந்தமில்லாத கணிதத்துக்கும் இயற்பியலுக்கும்கூடப் பல்கலைக்கழகங்களுக்கு அள்ளிக் கொடுத்தது அந்த அலுவலகம். பத்தில் சில தேறினால் போதும் என்கிற கணக்கு. நம் ஊரில் அந்தக் கணக்கைத் தணிக்கைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்!

நம்மிடம் தாராளமாகப் பணம் போட்ட கதையும் ஒன்று உண்டு. வேடிக்கை என்னவென்றால், அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கல்பாக்கத்தில், கடலோரத்துக் கட்டடம் ஒன்றுக்குள் நீர்மூழ்கிக்கான அணு உலையின் முன்மாதிரியைத் தரையிலேயே கட்டி ஓட்டிப் பார்த்தார்கள். 2006-லிருந்து அது முழுமையாக இயங்கியது. பத்திரிகைக்காரர்களுக்குக் காட்டியதோ 2009-ல், விசாகப்பட்டினத்தில் அரிஹந்த் தண்ணீரில் இறங்கிய பிறகு. அரிஹந்த் கடற்படையில் சேர்ந்தது 2016. தொடங்கியதிலிருந்து பார்த்தால் மூன்று தலைமுறை இன்ஜினீயர்களின் வேலை. நடுவில் எத்தனை வடிவங்களைத் தூக்கிப்போட்டார்கள் என்பதெல்லாம் ரகசியக் கோப்பில். ரகசியமாக இருந்ததால்தான் அது பிழைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் பாதிதான் உடன்பாடு. யாரும் கேள்வி கேட்காத பணம் நல்ல ஆராய்ச்சியையும் வளர்க்கும், சோம்பேறித்தனத்தையும் வளர்க்கும்.

2018 ஏப்ரலில் வேறொரு பாதை திறந்தது. மாமல்லபுரம் போகிற வழியில் திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில், ஐடெக்ஸ் என்ற திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். முப்படைகளும் தங்கள் தேவையைக் கேள்வியாக முன்வைக்கும். சின்ன நிறுவனங்கள், ஏன், தனி ஆட்கள்கூட விடையோடு வரலாம். முன்மாதிரி செய்ய ஒன்றரைக் கோடி வரை மானியம். செய்கிறவரும் தன் பங்கைப் போடவேண்டும். பிறகு 2022-ல் பத்துக் கோடி வரை உயர்த்தி ஒரு பிரிவு, 2024-ல் இருபத்தைந்து கோடி வரைக்கும் இன்னொரு பிரிவு. 2022-ல் கடற்படை மட்டுமே 75 சவால்களை அறிவித்தது. ஆளில்லாப் படகுகள், நீருக்கடியில் போகும் சாதனங்கள், இப்படி.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டு ராணுவத் தொழில் வழித்தடத்தைத் தொடங்கிவைத்தது திருச்சியில். பெரம்பலூரிலிருந்து ஒரு மணி நேரம். பெரம்பலூரைச் சுற்றி இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றரைக் கோடி என்பது நமக்குப் பெரிய தொகை. ஆனால் கடலுக்குள் போகிற கருவிக்கு அது ரொம்பச் சின்னது. உப்புத் தண்ணீர் எதையும் அரிக்கும். சோதிக்க ஒரு கப்பலைக் கேட்டு வாங்கவேண்டும். சோனார் மாதிரிகளை முதலில் அமைதியான தண்ணீரில் சோதிக்கவே, கொச்சி ஆய்வகம் இடுக்கி மலையில் குளமாவு நீர்த்தேக்கத்தில் ஒரு சோதனைத் தளம் வைத்திருக்கிறது. கடலை ஆராய சாகர்த்வனி என்று தனிக் கப்பலே 1994-லிருந்து ஓடுகிறது. ஒரு சின்ன நிறுவனம் இதற்கெல்லாம் எங்கே போகும்? மானியத்தைவிட முக்கியம், இந்தக் கதவுகளைத் திறந்துவிடுவதுதான். அதைவிட முக்கியம், முடிவடையாத ஒரு கருவியைத் தன் கப்பலில் ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கிற கேப்டன். அந்தக் கேப்டனிடம் இன்னொரு கப்பல் இருக்கவேண்டும், போர் இல்லாத நாள் இருக்கவேண்டும். 1971-ல் முல்லாவிடம் இரண்டுமே இல்லை.

* * *

2025 ஜூன் 18-ந் தேதி விசாகப்பட்டினத்தில் அர்னாலா என்ற கப்பல் கடற்படையில் சேர்ந்தது. ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே கட்டிய வரிசையில் முதல் கப்பல். கட்டியது எண்ணூருக்குப் பக்கத்தில், நம் காட்டுப்பள்ளியில். அதன் அடியில் இருக்கிற அபய் சோனாரை வடிவமைத்தது அதே கொச்சி ஆய்வகம்.

டையூவுக்குப் போனால் கடலைப் பார்த்த ஒரு மேட்டில் குக்ரியின் நினைவிடம் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலின் சிறிய உருவம். குக்ரி என்ற அதே பெயரில் 1989-ல் இன்னொரு கப்பல் வந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஓடி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதையும் டையூவுக்கே கொடுத்துவிட்டார்கள். ஹாங்கோர், கராச்சியில் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஜனங்கள் குடும்பத்தோடு வந்து ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பழைய குக்ரி டையூவுக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. ஜெயினின் கருவி அதற்குள்ளே.